எல்லைக் கிராமமும் முதல் செக்டரும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையைக் கடந்து, பாறசாலையையும் தாண்டிச் சிறிது தூரம் செல்வதற்குள், களியக்காவிளையில் கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. 1956 நவம்பர் 1 அன்று பாஷாவாரியாக ராஜ்யங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு இணைய, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டமையால், அண்ணன் ஒரு ராஜ்யத்திலும் தங்கை மற்றொரு ராஜ்யத்திலுமாகக் குடும்பங்கள் வாழ்வது இப்பக்கத்தில் சர்வசாதாரணமான காரியம். இந்த அண்ணன் தங்கையரின் பிள்ளைகள் பள்ளியில் பழகும் கணினிகளும் வெவ்வேறு மார்க்கத்தில் வந்தவையே. தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவருக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகள் விண்டோஸையும் பாஸ் லினக்ஸையும் ஒருங்கே தாங்கி வந்தன. கேரளப் பள்ளிகளிலோ, அரசின் கைட் நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு தன் பாடத்திட்டத்துக்கு ஏற்ப வடிவமைத்த குனூ லினக்ஸே வழங்கிவருகிறது.

ஆயினும் இதில் ஒரு விசேஷத்தைக் காணலாம். பாறசாலையில் ஒரு மாணவன் தயாரித்த நிறுவல் பென்டிரைவை எல்லைக்கு அப்பால் அத்தை மகன் வைத்திருக்கும் பழைய மடிக்கணினியில் செருகினாலும், அக்கணினியைச் செய்தவர் யார், அதனுள் முன்பு இருந்த இயங்குதளம் எது என்பவற்றைப் பெரும்பாலும் பொருட்படுத்தாமலே அது எழுந்து வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. முன்பின் அறியாத இயந்திரத்துக்குள் அந்நியமான ஒரு பென்டிரைவ் புகுந்து அதன் அதிகாரத்தை ஏற்றுக்கொள்வது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

முதலில் இதிலுள்ள சிக்கலை உணர்ந்துகொள்வது அவசியம். கணினியில் எந்த நிரலை ஓட்டுவதாயினும் அதை வட்டிலிருந்து எடுத்து நினைவகத்தில் வைத்து இயக்கத்தைத் தொடங்கிவைப்பது இயங்குதளம். அந்த இயங்குதளமும் ஒரு நிரல்தான் என்பதால், அதை எடுத்து வைப்பது யார் என்ற வினா எழுகிறது. மின்சாரம் நின்றவுடன் ரேமில் இருந்தவை யாவும் மறைந்துவிடுவதால், ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் கணினி முழு அஞ்ஞானத்திலிருந்தே விழித்தெழுகிறது. இந்த அஞ்ஞானத்தைப் படிப்படியாகப் போக்குவதற்காகப் பொறியாளர் வகுத்த உபாயமே ‘பூட்’ ஆதல் என்று வழங்கப்படுகிறது.

விழித்தெழுந்த செயலிக்கு ஒன்று மட்டும் தெரியும்: எந்த முகவரியிலிருந்து முதல் கட்டளையை எடுக்க வேண்டும் என்பது. இன்றைய இன்டெல் வகைச் செயலிகளில் அந்த முகவரி, 4 ஜிபி அளவுள்ள முகவரி வெளியின் உச்சிக்குச் சரியாக 16 பைட் கீழே அமைந்திருக்கிறது. தாய்ப்பலகையில் பதிக்கப்பட்ட, மின்சாரம் இல்லாதபோதும் அழியாத ஒரு சிறு சில்லு அந்த முகவரிக்கு மறுமொழி சொல்கிறது. அச்சில்லிலுள்ள நிரலே பழைய கணினிகளில் பயாஸ் என்றும், புதியவற்றில் யூஈஎஃப்ஐ என்றும் அழைக்கப்படுவது. அது ரேமையும் விசைப்பலகையையும் திரையையும் சோதித்த பின், இணைக்கப்பட்டிருக்கும் வட்டுகளில் எதிலாவது தனக்கு அடுத்தபடியாகப் பொறுப்பேற்கத்தக்க நிரல் இருக்கிறதா என்று தேடத் தொடங்குகிறது.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட சொந்தக் கணினியின் காலந்தொட்டு வழங்கிவரும் சம்பிரதாயப்படி, பயாஸ் ஆனது வட்டின் முதல் செக்டரை, அதாவது முதல் 512 பைட்டை மட்டும் எடுத்து, நினைவகத்தில் 31,744 ஆவது முகவரியில் வைத்து, அங்கிருந்து ஓடும்படி செயலிக்கு ஆணையிடுகிறது. ஹார்டு டிஸ்க் பிரிவுகள் வழக்கத்துக்கு வந்த 1983 முதல் இந்த 512 பைட்டும் மூன்று கூறாகப் பங்கிடப்பட்டன: 446 பைட் கட்டளைகளுக்கு, 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, எஞ்சிய 2 பைட் முத்திரைக்கு. முத்திரை என்பது 85, 170 என்னும் இரண்டு எண்களே; இரும எண்ணில் எழுதினால் 01010101, 10101010 என்று ஒன்றும் சுழியும் மாறி மாறி வருவதைக் காணலாம். இவ்விரண்டு எண்களும் செக்டரின் இறுதியில் இல்லையெனில், பயாஸ்கள் அநேகமாக அந்த வட்டைப் புறக்கணித்துவிட்டு அடுத்ததை நாடிப் போய்விடுகின்றன.

446 பைட் என்பது இந்தக் கட்டுரையின் ஒரு பத்தியைக்கூடக் கொள்ள முடியாத அளவு. அவ்வளவு சிறிய இடத்தில் இயங்குதளம் முழுவதையும் அடக்கிவைக்க இயலாதாகையால், அந்த நிரல் செய்வது தன்னைக் காட்டிலும் பெரியதாகிய மற்றொரு நிரலை வட்டிலிருந்து அழைப்பது ஒன்றே. அழைக்கப்பட்ட நிரல் கோப்புகளைப் படிக்கத் தெரிந்தது. லினக்ஸில் இதற்கு க்ரப் என்று பெயர். அது கெர்னலையும், வட்டுகளை இயக்கத் தேவையான கருவிநிரல்கள் அடங்கிய ஒரு சிறு மூட்டையையும் நினைவகத்தில் ஏற்ற, கெர்னல் அம்மூட்டையின் துணைகொண்டு உண்மையான கோப்புறைகளைக் கண்டடைந்து இயங்குதளத்தை எழுப்புகிறது. சிறியது பெரியதை அழைத்து, பெரியது அதனினும் பெரியதை அழைக்கும் இந்தச் சங்கிலியில் முதல் கண்ணி இன்ன இடத்தில் இருக்கும் என்பது மட்டும் உலகம் முழுவதும் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. நிறுவல் பென்டிரைவின் ரகசியம் அனைத்தும் அதில் உள்ள கோப்புகளின் பெருமையைவிட, முதலில் ஓட வேண்டிய நிரல் வைக்கப்பட்டிருக்கும் இடத்தின் உடன்படிக்கையிலேயே அடங்கியிருக்கிறது.

இதை உணராமையால்தான் முதன்முறை முயல்வோரில் பலர் ஏமாற்றம் அடைகின்றனர். உபுண்டுவையோ மற்ற லினக்ஸையோ இணையத்திலிருந்து இறக்கினால் கிடைப்பது ஐஎஸ்ஓ என்னும் ஒற்றைக் கோப்பு; உபுண்டு 22.04 போன்ற பதிப்புகளில் அது 3 ஜிபிக்கு மேற்பட்டது. பாடலையும் புகைப்படத்தையும் போல அதைப் பென்டிரைவில் காப்பி செய்துவிட்டுக் கணினியை அணைத்து மறுபடி இயக்கினால் ஒன்றும் நிகழ்வதில்லை. ஒரு புரையிடத்தைப் பாகம் பிரிக்க வேண்டிய ஒருவர், சர்வே வரைபடத்தை மடித்து அந்த நிலத்தின் நடுவில் வைத்துவிட்டு வந்தால் பாகம் பிரிந்ததாக ஆகுமா? வரைபடம் குறிக்கும் ஒவ்வோரிடத்திலும் எல்லைக்கல் நாட்டப்பட வேண்டும் அன்றோ. அங்ஙனமே ஐஎஸ்ஓ கோப்பின் முதல் பைட் பென்டிரைவின் முதல் பைட்டிலும், இரண்டாவது இரண்டாவதிலும், இவ்வாறே கடைசி வரையிலும் அதனதன் ஸ்தானத்தில் எழுதப்பட்டாக வேண்டும். அப்போதுதான் பயாஸ் முதல் செக்டரைத் திறக்கையில் அங்கே கட்டளைகளும் முத்திரையும் இருக்கும்.

லினக்ஸ் பயன்படுத்துவோர் இதற்கென உபுண்டுவிலேயே உள்ள ஸ்டார்ட்அப் டிஸ்க் கிரியேட்டரையோ, யூனிக்ஸ் காலத்திலிருந்து வழங்கும் ‘டிடி’ என்னும் கட்டளையையோ கையாளலாம். விண்டோஸில் ரூஃபஸ் என்னும் சிறு நிரல் பிரசித்தமானது. இரண்டிலும் ஓடவல்லது எச்சர். 2020 இல் வெளிவந்த வென்டாய் வேறொரு வழியைக் கையாள்கிறது: அது தன்னுடைய துவக்க நிரலை ஒரு முறை பென்டிரைவில் பதித்துவிடுமாகையால், பிறகு எத்தனை ஐஎஸ்ஓ கோப்புகளை வெறுமனே காப்பி செய்து வைத்தாலும், கணினி எழும்போது அவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும்படி பட்டியலிட்டுக் காட்டுகிறது.

ஐஎஸ்ஓ கோப்பு பென்டிரைவுக்கென்று பிறந்தது அன்று என்பதும் இங்கே கவனிக்கத்தக்கது. அது குறுந்தகட்டின் வடிவம். அதன் தரநிலை 1988 இல் வகுக்கப்பட்டது. குறுந்தகட்டிலிருந்து கணினியைத் துவக்கும் முறை ஐபிஎம், ஃபீனிக்ஸ் ஆகிய இரு நிறுவனங்களால் 1995 இல் ‘எல் டொரிட்டோ’ என்ற பெயரில் வெளியிடப்பட்டது. தகட்டின் சம்பிரதாயமும் வட்டின் சம்பிரதாயமும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. தகட்டின் செக்டர் 2,048 பைட், வட்டினுடையதோ 512. எனினும் குறுந்தகட்டின் தரநிலையை வகுத்தோர் முதல் 16 செக்டர்களை, அதாவது 32,768 பைட்டை, எவ்வித உபயோகமும் விதிக்காமல் ஒதுக்கிவைத்திருந்தனர். பிற்காலத்தில் லினக்ஸ் உலகத்தார் அந்த வெற்றிடத்தின் தொடக்கத்தில் பயாஸ் எதிர்பார்க்கும் 512 பைட்டை நுழைத்து, ஒரே கோப்பு தகட்டில் எழுதினால் தகடாகவும் பென்டிரைவில் எழுதினால் வட்டாகவும் தோன்றும்படி செய்துவிட்டனர். ஒரு தலைமுறையினர் காலியாக விட்டுவைத்த இடம் மற்றொரு தலைமுறையினருக்கு வாசலாயிற்று.

சாதனங்களின் சரித்திரத்தையும் சுருங்கச் சொல்லிவிடலாம். 1.44 எம்பி பிளாப்பி அடுக்குகளின் காலம் போய், 700 எம்பி குறுந்தகடும், அதன்பின் 4.7 ஜிபி டிவிடியும் வந்தன. உபுண்டுவை வளர்க்கும் கேனானிக்கல் நிறுவனம் 2005 முதல் 2011 வரை, கேட்டவருக்கெல்லாம் குறுந்தகடுகளைத் தபாலில் இலவசமாக அனுப்பிவைத்தது. அதிவேக இணையம் எட்டாத நம் கிராமங்களுக்கு அந்நாளில் அது ஒரு பெரிய உபகாரம். தோஷிபாவின் ஃபூஜியோ மசுவோக்கா 1987 இல் அறிவித்த நாண்ட் ஃபிளாஷ் நினைவகம் மலிவடைந்து, சிங்கப்பூரின் டிரெக் 2000 நிறுவனம் 2000 ஆம் ஆண்டில் தம்ப்டிரைவை விற்பனைக்குக் கொண்டுவந்த பின், தகடுகள் மெல்ல மெல்ல விடைபெற்றன. இன்று 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று இக்காரியத்துக்குப் போதுமானது.

முதல் செக்டரின் ஆட்சியும் நிரந்தரமாக நிலைத்துவிடவில்லை. அதன் பார்ட்டிஷன் அட்டவணை 32 பிட் எண்ணால் செக்டர்களை எண்ணுவதால், சுமார் 2.2 லட்சம் கோடி பைட்டுக்கு, அதாவது 2 டிபிக்கு மேற்பட்ட வட்டை அதனால் அளக்க முடியாது; மேலும் நான்கு பிரதானப் பிரிவுகளுக்கு மேல் அதில் இடமில்லை. ஆகவே 2005 இல் நிறுவப்பட்ட யூஈஎஃப்ஐ மன்றத்தின் தரநிலைப்படி புதிய உடன்படிக்கை ஒன்று ஏற்பட்டது. புதிய கணினி 512 பைட்டை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதில்லை. அதற்கு ஃபேட் என்னும் கோப்பமைப்பைப் படிக்கத் தெரியுமாதலால், பென்டிரைவில் ஃபேட் பிரிவைத் தேடி, அதனுள் ‘ஈஎஃப்ஐ’ என்ற கோப்புறைக்குள் ‘பூட்’ என்ற கோப்புறையில் குறிப்பிட்ட பெயருடன் கிடக்கும் நிரலை எடுத்து ஓட்டுகிறது. இடம் பற்றிய உடன்படிக்கை இங்கே எண்ணிலிருந்து பெயருக்கு மாறியதே தவிர, உடன்படிக்கை என்னும் தத்துவம் மாறவில்லை.

இந்த மாறுதலால் விளையும் சங்கடம் ஒன்றுண்டு. ஃபேட்32 அமைப்பு 4 ஜிபியை எட்டும் கோப்பை ஏற்பதில்லை. விண்டோஸின் நிறுவல் ஐஎஸ்ஓவில் உள்ள பிரதானக் கோப்போ சில பதிப்புகளில் அந்த வரம்பை மீறுகிறது. அதனால் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து வைப்பதோ, வேறு கோப்பமைப்பைப் படிக்கத் துணைநிரல் சேர்ப்பதோ தேவைப்படும். ரூஃபஸ் போன்ற நிரல்கள் பயனர் அறியாமலே இந்தச் சிரமத்தைத் தம்மேல் ஏற்றுக்கொள்கின்றன.

2012 இல் விண்டோஸ் 8 உடன் பரவிய செக்யூர் பூட் என்னும் காவல் முறை இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. துவக்க நிரலில் கணினி அங்கீகரித்த டிஜிட்டல் கையொப்பம் இல்லையாயின் அது ஓட அனுமதிக்கப்படாது. விற்பனைக்கு வரும் கணினிகளில் அநேகமாக மைக்ரோசாஃப்டின் சாவி பதிந்திருப்பதால், உபுண்டு முதலியன ‘ஷிம்’ என்னும் சிறு நிரலுக்கு அந்நிறுவனத்தின் கையொப்பத்தைப் பெற்று, ஷிம்மைக் கொண்டு தம்முடைய நிரல்களைச் சரிபார்த்துக்கொள்கின்றன.

கணினி நம்மைச் சந்தேகிப்பதில் நியாயம் இருப்பதுபோலவே, நாமும் இறக்கிய கோப்பைச் சந்தேகிப்பதில் நியாயமுண்டு. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட்டின் இணையதளத்துக்குள் புகுந்த விஷமிகள், 17.3 பதிப்புக்கான இணைப்பை, கள்ள வாசல் வைத்த போலி ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டனர். இத்தகைய அபாயத்துக்கும், பாதியில் அறுந்த பதிவிறக்கத்துக்கும் பரிகாரமாக, ஒவ்வொரு ஐஎஸ்ஓவுக்கும் ‘ஷா-256’ ஹாஷ் எண் வெளியிடப்படுகிறது. கோப்பு எவ்வளவு பெரிதாயினும் அதைக் கணித்து 64 குறிகள் கொண்ட ஒரே வரியாகத் தருவது இந்த முறை. கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அந்த வரி அடையாளம் தெரியாமல் மாறிவிடும். இறக்கிய கோப்பின் ஹாஷைக் கணித்து வெளியிடப்பட்டதோடு ஒப்பிடச் சில நிமிஷமே செல்லும். தளத்தைக் கைப்பற்றியவன் ஹாஷையும் மாற்றிவிடக்கூடும் என்பதால், கவனமுள்ளவர் அந்த ஹாஷ் பட்டியலின்மீது இடப்பட்ட டிஜிட்டல் கையொப்பத்தையும் சரிபார்ப்பர்.

சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பென்டிரைவும் பொய் சொல்லக்கூடும். 8 ஜிபி சில்லை வைத்துக்கொண்டு, 64 ஜிபி என்று கணினிக்கு அறிவிக்கும்படி உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லை மாற்றி விற்போர் உண்டு. அத்தகையதில் எழுதப்படும் பிற்பகுதி எங்கோ தொலைந்துபோகும், அல்லது முற்பகுதியின் மேலேயே பதிந்து அதைக் கெடுக்கும். உண்மையான பென்டிரைவிலும், எழுதும் பணி முடிந்ததாகத் திரை சொன்ன பின்னரும் தரவின் ஒரு பகுதி ரேமில் காத்திருக்கலாமாகையால், முறைப்படி எஜெக்ட் செய்த பிறகே அதைப் பிடுங்குவது உத்தமம்.

இயங்குதளத்தை மாற்றுவதற்கு வெளியிலிருந்து ஒரு சாதனம் ஏன் வேண்டும் என்று கேட்போருக்கும் விடை சொல்ல வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளம் தன் கோப்புகளைத் தானே பிடித்துக்கொண்டிருப்பதால், அது இருக்கும் பிரிவை முழுதும் அழித்துப் புதிதாகப் பார்மட் செய்ய இயலாது. பென்டிரைவிலிருந்து எழும் இயங்குதளமோ, சுருக்கிக் கட்டப்பட்ட தன் கோப்புகளைப் பென்டிரைவிலிருந்தே படித்து, மாறுதல்களை ரேமில் மட்டும் வைத்துக்கொள்வதால், ஹார்டு டிஸ்க்கை முற்றிலும் விடுவித்துவிடுகிறது. இதே காரணத்தால்தான் நிறுவுவதற்கு முன்பே புதிய தளத்தை ‘லைவ்’ முறையில் ஓட்டிப் பார்க்கவும், ஒலியும் வைஃபையும் பிரிண்டரும் வேலை செய்கின்றனவா என்று பரீட்சிக்கவும், வட்டில் ஓர் எழுத்தையும் தொடாமல் வெளியேறவும் முடிகிறது. மொழிப்பட்டியலில் ‘தமிழ்’ என்று தமிழிலேயே எழுதியிருப்பதை, மலையாளமும் தமிழும் ஒருங்கே புழங்கும் இந்த எல்லைப் பகுதியினர் அங்கே காணலாம்.

இந்த வித்தை கேரளத்தில் கடைக்காரரின் தொழில் ரகசியமாக நின்றுவிடாததற்குக் காரணம் உண்டு. 2001 ஜூலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்னிலையில் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் பள்ளிகளுக்கான ஐடி@ஸ்கூல் திட்டமும் உருவாயிற்று. சில ஆண்டுகளுக்குள் அத்திட்டம் முழுமையாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறி, 2017 இல் கைட் என்னும் அரசு நிறுவனமாயிற்று. 2019 இல் உபுண்டு 18.04 ஐ அடிப்படையாகக் கொண்ட பதிப்பை வெளியிட்டபோது, பள்ளிகளின் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளில் அது ஓடுமென்றும், உரிமத் தொகையில் அரசுக்கு 3,000 கோடி ரூபாய் மிச்சமாகுமென்றும் அந்நிறுவனம் அறிவித்தது. பின்னர் 22.04 பதிப்பும் வந்தது. தகவல் தொழில்நுட்பப் பாடநூல்கள் மலையாளம், ஆங்கிலத்தோடு தமிழிலும் கன்னடத்திலும் அச்சிடப்படுவதால், தமிழ்வழியில் பயிலும் எல்லைப்புறச் சிறுவரும் இந்தக் கல்வியில் பங்குபெறுகின்றனர். 2018 இல் தோன்றிய லிட்டில் கைட்ஸ் சங்கங்களின் மாணவர், செப்டம்பரில் வரும் மென்பொருள் சுதந்திர தினத்தை ஒட்டிப் பள்ளிகளில் ‘இன்ஸ்டால் ஃபெஸ்ட்’ நடத்தி, ஊரார் கொண்டுவரும் கணினிகளில் இயங்குதளத்தை நிறுவித் தருகின்றனர். சம்பளம் வாங்கும் நிபுணர் ஒருவரின் கையை எதிர்பார்த்திருந்த காரியத்தைப் பதினான்கு வயதுப் பிள்ளைகள் செய்வதைப் பெற்றோர் நேரில் காண்பது, எந்தப் பாடநூலாலும் தர இயலாத கல்வி.

இந்தக் கல்விக்கு இன்று அவசரமான உபயோகம் ஒன்று நேர்ந்திருக்கிறது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. விண்டோஸ் 11க்கோ டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், ஓரளவு புதிய செயலியும் வேண்டும். அவை இல்லாத காரணத்தால், உறுப்புகள் யாவும் ஸ்திரமாக இருக்கும் கணினிகளைப் பழைய இரும்புக்குப் போடுவோரை எல்லைக்கு இருபுறமும் காண்கிறோம். நெய்யாற்றின்கரையிலாயினும் மார்த்தாண்டத்திலாயினும் அத்தகைய கணினி வைத்திருப்போர், அதை எறிவதற்கு முன் வீட்டிலுள்ள பள்ளிப் பிள்ளையைப் பக்கத்தில் அழைத்துக்கொள்ளட்டும். தம் ஆவணங்களையும் புகைப்படங்களையும் வேறொரு வட்டில் பிரதி எடுத்துக்கொள்ளட்டும். அதிகாரபூர்வமான தளத்திலிருந்து ஐஎஸ்ஓவை இறக்கி ஹாஷைச் சரிபார்க்கட்டும். எழுதும் நிரலில் பென்டிரைவின் பெயருக்குப் பதிலாக ஹார்டு டிஸ்க்கின் பெயரைத் தேர்ந்துவிடவில்லை என்பதை இருமுறை பார்த்துக்கொள்ளட்டும். பிறகு கணினியை அணைத்து மறுபடி இயக்கி, இயந்திரத்துக்கு ஏற்ப எஃப் 12, எஃப் 2, எஸ்கேப் ஆகியவற்றுள் உரிய விசையை அழுத்திப் பென்டிரைவைத் தேர்ந்து, முதலில் லைவ் முறையில் பரீட்சித்துப் பார்க்கட்டும். ஒரு பென்டிரைவின் விலைக்கு மேல் செலவில்லாத இந்தப் பரீட்சையைச் செய்து பாராமல் நல்ல கணினி எதையும் குப்பையென்று தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது.